கீழ் மூலையில் ஒரு பெயர்: ரங்கையா, கோவிந்து, ஒரு தொழிற்சாலைத் தாள்

ரொம்ப நாளா பாதியில் நின்றுகொண்டிருந்த குறிப்பு இது. ஹென்றி நோல்ட்டி எழுதிய ராபர்ட் வைட் பற்றிய மூன்று தொகுதி நூலைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஆனால் எழுத எழுத ஒரகடத்தில் நான் பார்த்த ஒரு தாள் குறுக்கே வந்து நின்றது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். உற்பத்தி லைனில் இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்துவிட்டு டேப்லெட் திரையில் காட்டும் மென்பொருள் எங்கள் குழுவின் வேலை. லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 'ஒன் பாயிண்ட் லெசன்' என்று ஒரு தாள் தொங்கும். ஒரு பக்கம், ஒரே ஒரு விஷயம், பெரும்பாலும் படம். தமிழ், ஒடியா, இந்தி, அசாமி என்று பல மொழி பேசுகிறவர்கள் ஒரே லைனில் நிற்கும் இடம் அது. எழுத்தை நம்ப முடியாது, படத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு வயரிங் கனெக்டர் ஸ்டேஷனில் இருந்த தாளை மட்டும் நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கையால் வரைந்த படம். கனெக்டரை நீளவாக்கில் பாதியாக வெட்டிய மாதிரி போட்டு, உள்ளே இருக்கும் சின்னக் கொக்கி முழுசாக விழுந்தால் எப்படி இருக்கும், பாதியில் நின்றால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டியிருந்தது. கட்டை விரல் எங்கே அழுத்த வேண்டும் என்பதற்கு விரலையே வரைந்திருந்தார்கள், நகம் வரைக்கும். அதற்கு முன்னால் அங்கே இருந்தது ஒரு ஃபோட்டோ. ஃபோட்டோவில் சரியாகப் பூட்டியதும் பாதி பூட்டியதும் ஒரே மாதிரிதான் தெரியுமாம்.

"நீங்களே வரைஞ்சீங்களாம்மா?" என்று அந்த ஸ்டேஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஆமா சார். போட்டோல வெளிப்பக்கம்தானே தெரியும்? தப்பு உள்ளதானே நடக்குது."

தாளின் கீழே ஒரு கட்டம்: தயாரித்தவர், சரிபார்த்தவர், தேதி. தயாரித்தவர் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து திரையில் ஏற்றியபோது, படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கீழே இருந்த அந்தப் பட்டையை வெட்டிவிட்டோம். 'வெட்டிவிட்டோம்' என்று பன்மையில் சொல்வது சௌகரியமாக இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை, எனக்கும் உறுத்தவில்லை. நோல்ட்டியைப் படிக்கும் வரைக்கும்.

சரி, நூலுக்கு வருவோம்.

ராபர்ட் வைட் (1796–1872) ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக 1819ல் மதராஸ் வந்தார். வேலை மருத்துவம், மனசு செடிகொடியில். பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் கம்பெனி சோதனைக்கும் பொறுப்பாக இருந்தார். 1853ல் ஊர் திரும்பினார். அவருடைய பெரிய சாதனை 'ஐகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்ற படத்தொகுதி. 1838ல் தொடங்கி 1853ல் முடிந்தது. ஆறு தொகுதிகள், 2,101 படத்தகடுகள். லண்டனுக்கு அனுப்பாமல் மதராஸிலேயே கல்லச்சில் அடித்தார்கள். வண்ணம் கிடையாது, வெறும் கறுப்புக் கோடு.

இந்தப் படங்களை வைட்டுக்கு வரைந்து கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். முதலில் ரங்கையா, 1840களின் நடுவிலிருந்து கோவிந்து. பல தகடுகளின் அடியில் இவர்கள் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும், பக்கத்தில் 'டெல்.' என்று ஒரு சுருக்கம். லத்தீனில் 'வரைந்தார்' என்று பொருள். கல்லில் ஏற்றியவர் பெயருக்குப் பக்கத்தில் 'லித்.' இருக்கும். ஐரோப்பிய அச்சுப் படங்களில் வரைந்தவர் பெயரை இடது மூலையிலும், செதுக்கியவர் அல்லது கல்லில் ஏற்றியவர் பெயரை வலது மூலையிலும் போடுவது பழைய வழக்கம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கொஞ்சம் முன்னால் வந்த இன்னொரு நூலைப் பார்த்தால் புரியும். வில்லியம் ராக்ஸ்பர்க் தொகுத்த 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' 1795 முதல் 1820 வரை லண்டனில் வெளிவந்தது. 300 வண்ணத் தகடுகள், பெரிய அளவு, ராஜ மரியாதையான அச்சு. மூலப் படங்களைப் போட்டவர்கள் இங்கிருந்த ஓவியர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அழகில் ராக்ஸ்பர்க் நூலுக்கு முன்னால் வைட்டின் நூல் ஏழை. ஆனால் பெயர் விஷயத்தில் ஏழைதான் நாணயமாக நடந்திருக்கிறது.

நோல்ட்டி எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர். அங்கே பெட்டிகளில் இருந்த மூல ஓவியங்களை எடுத்து, அச்சான தகடுகளோடு பொருத்தி, 2007ல் இந்த மூன்று தொகுதிகளைக் கொண்டுவந்தார். முதல் தொகுதி வைட்டின் வாழ்க்கை. இரண்டாவது ரங்கையா, கோவிந்து ஓவியங்கள். மூன்றாவது, வைட்டைத் தேடி ஆசிரியர் செய்த பயணங்கள். ஒட்டுமொத்தத் தலைப்பிலேயே இரண்டு ஓவியர்களின் பெயரும் இருக்கிறது.

இரண்டாம் தொகுதியைத்தான் நான் அதிகம் புரட்டினேன். மூல ஓவியங்களில் வண்ணம் இருக்கிறது. கல்லச்சுக்குப் போனபோது அது போய்விட்டது. ஆனால் எதற்காக அந்தப் படம் போடப்பட்டதோ, அந்த விஷயம் வண்ணத்தில் இல்லை. தாளின் அடிப்பகுதியில் சின்னச் சின்னதாக, எண் போட்டு வரிசையாக நிற்கும் உறுப்புகளில் இருக்கிறது: பிரித்து வைத்த பூ, மகரந்தத் தாள், சூலகத்தின் குறுக்கு வெட்டு, விதையின் நெடுக்கு வெட்டு. மேலே இருக்கும் கிளையைப் பார்த்து 'ஆகா' என்போம். கீழே இருக்கும் வெட்டுப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு தாவரவியலாளர் இது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று முடிவு செய்வார். சூலகத்தில் எத்தனை அறை, விதை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விஷயத்தைப் பெரிதாக்கி, உள்ளே வெட்டி, இருப்பதை மட்டும் காட்ட வேண்டும். பார்த்ததை வரைய ஓவியர் போதும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வரைய, பாதி தாவரவியலாளராக ஆகியிருக்க வேண்டும். ரங்கையாவும் கோவிந்துவும் ஆகியிருந்தார்கள் என்பதற்குத் தகடுகளே சாட்சி.

அந்த ஒரகடத்துப் பெண் சொன்னதும் இதேதான். தப்பு உள்ளே நடக்குது.

வைட்டுக்கும் இது தெரிந்திருந்தது. ஐகோனெஸின் கடைசித் தொகுதியில் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று ஓவியரின் பெயரையே வைத்தார். அந்த இடத்தில் கோவிந்துவைப் பாராட்டியும் எழுதுகிறார். உறுப்புகளைப் பகுத்து வரைவதில் அவருக்கு இணையானவர் இந்நாட்டவரில் இல்லை என்கிறார். கூடவே ஒரு குறையும் சொல்கிறார். 'பெர்ஸ்பெக்டிவ்' மட்டும் போதவில்லையாம். அது இருந்திருந்தால் ஐரோப்பிய ஓவியர்களே அவரை மிஞ்சுவது அபூர்வமாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வைட்டோடு சண்டை.

பி.இ. முதல் வருஷத்தில் மினி டிராஃப்டரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கே.வி. நடராஜன் புத்தகத்தோடு அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் நாம் முதலில் கற்றுக்கொள்வதே பெர்ஸ்பெக்டிவை விட்டொழிப்பதைத்தான். கண்ணுக்குத் தூரத்துப் பொருள் சின்னதாகத் தெரியும், தண்டவாளம் போய் ஒரு புள்ளியில் சேரும். அப்படி வரைந்தால் அழகு, ஆனால் அளக்க முடியாது. அதனால் இணைகோட்டை இணைகோடாகவே விட்டு, முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று தனித்தனியாகப் பிரித்து, உள்ளே இருப்பதைக் காட்ட வெட்டுத்தோற்றம் போடுகிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஓடுகிற ஒவ்வொரு லைனும் பெர்ஸ்பெக்டிவ் இல்லாத படங்களை நம்பித்தான் ஓடுகிறது. அதை யாரும் குறைபாடு என்று சொல்வதில்லை, முறை என்கிறோம்.

கோவிந்துவின் வெட்டுப் படங்களும் இந்த ஜாதிதான். சூலகத்தின் குறுக்கு வெட்டு என்பது மேல்தோற்றத்தில் ஒரு வெட்டு. அதற்கு பெர்ஸ்பெக்டிவ் தேவையே இல்லை. வைட் பாராட்டிய திறமையும் அவர் சொன்ன குறையும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு உறுப்பையும் அதன் முழு வடிவம் தெரியும்படி நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கும் கண் அது. அந்தக் கண்தான் பகுப்புப் படங்களை அவ்வளவு தெளிவாக ஆக்கியது.

ஆனாலும் வைட்டுக்குச் சேர வேண்டியதையும் கொடுக்க வேண்டும். மேலே இருக்கும் கிளையில் ஒரு இலை நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், அது குறுகித் தெரிந்துதான் ஆக வேண்டும். அங்கே தட்டையாக வரைந்தால், புத்தகத்துக்குள் வைத்து அழுத்தின இலை மாதிரி ஆகிவிடும். ஐகோனெஸின் சில தகடுகளில் கிளைகள் அப்படித்தான் கிடக்கின்றன. ஆக, வைட்டின் விமர்சனம் கிளைக்குச் சரி. அதை மொத்த ஓவியருக்கும் மதிப்பெண்ணாகப் போட்டது தவறு. ஐரோப்பிய ஓவியப் பள்ளியின் அளவுகோலை வைத்து ஒரு பொறியியல் வரைபடத்தைத் திருத்தின மாதிரி.

நோல்ட்டியிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. மூன்று தொகுதிகளில் ஒன்று வைட்டின் வாழ்க்கைக்கு, ஒன்று ஆசிரியரின் பயணத்துக்கு. ஓவியர்களுக்கு இருப்பது படங்களின் தொகுதி. அவர்கள் வாழ்க்கைக்கு ஒரு தொகுதி எழுத முடியாமல் போனதற்கு அவர் மேல் பழி போட முடியாது. கடிதம் எழுதியவர் வைட், கடிதத்தைப் பாதுகாத்தது அவர் எழுதிய நிறுவனங்கள். சம்பளம் வாங்கினவர்கள் ஆவணத்தில் ஒரு வரியாகத்தான் வருவார்கள். நோல்ட்டி அந்த ஒற்றை வரிகளைத் தேடிப் பொறுக்கியிருக்கிறார். என் குறை, ஓவியங்களையே வாழ்க்கைச் சான்றாக அவர் இன்னும் அழுத்திப் படித்திருக்கலாம் என்பது. ரங்கையா கோட்டை எங்கே தடிமனாக்குகிறார், கோவிந்து எதைச் சொல்லாமல் விடுகிறார், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வேலை கை மாறினபோது எது மாறியது: இதெல்லாம் தகட்டிலேயே இருக்கிறது. இதைப் படிக்கத் தாவரவியல் தெரிந்தவரோடு, கையால் வரைகிறவர் ஒருவரும் உட்கார வேண்டும்.

ஒரு ஒப்பீடு. வெள்ளைக்கார ஓவியராக இருந்தால் பெயர் பத்திரமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியும் இல்லை. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் 'கிரேஸ் அனாட்டமி' என்று சொல்லும் நூலின் முதல் பதிப்பு 1858ல் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர், அவரும் மருத்துவர். எலும்பின் பெயரை ஓரத்தில் கோடு இழுத்து எழுதாமல் பல இடங்களில் எலும்பின் மேலேயே எழுதியதுதான் அந்தப் படங்களின் பெரிய உத்தி. மாணவனின் கண் அங்கும் இங்கும் ஓட வேண்டியதில்லை. கார்ட்டருக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 150 பவுண்டு. விற்பனையில் பங்கு கிடையாது. தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படியில் கார்ட்டர் பெயரின் எழுத்தைச் சின்னதாக்கும்படி கிரே திருத்தம் போட்டதை ரூத் ரிச்சர்ட்சன் தன் 2008 நூலில் காட்டுகிறார். புத்தகம் வந்த வருஷமே கார்ட்டர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிற்பாடு 'மதுரைக் கால்' என்று நம் ஊர் பெயராலேயே அறியப்பட்ட பூஞ்சை நோயை ஆராய்ந்து 1874ல் தனி நூலே எழுதினார். இன்றைக்கும் புத்தகத்தின் பெயர் கிரேதான்.

படம் வரைவது கைவேலை, எழுதுவது மூளைவேலை என்ற பாகுபாடு எல்லா ஊரிலும் உண்டு. அதை ஒரு இடத்தில் உடைத்தவர் மாக்ஸ் புரோடெல். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஓவியர். 1911ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறை அவர் தலைமையில் தொடங்கியது. முதலில் புரிந்துகொள், அப்புறம் பென்சிலை எடு என்பதுதான் அவர் பாடம். மாணவர்கள் உடற்கூறு படித்தார்கள், அறுவை அரங்கில் நின்றார்கள். அங்கிருந்துதான் அது படிப்பும் பட்டமும் உள்ள தொழிலாக ஆனது.

நம் பக்கம் இதற்கு வேர் இல்லாமல் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதின குறிப்புகளும், கூடவே வரைந்த கண் படங்களும் இருக்கின்றன. பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் 'ஆர்ட்டிஸ்ட்', 'மாடலர்' என்று பணியிடங்கள் இருந்தன. திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ கொண்டுவந்த தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவர நூலுக்குத் துணையாக 1982லும் 1988லும் கோட்டுப் படத் தொகுதிகள் வந்தன. காட்டிலும் மேட்டிலும் செடியைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவனுக்கு இந்த மாதிரிக் கோட்டுப் படம்தான் கை கொடுக்கும். கலர் ஃபோட்டோ அந்த ஒரு செடியைக் காட்டும். கோட்டுப் படம் அந்த இனத்தைக் காட்டும்.

"இதெல்லாம் ஒரு வேலையா? ஏ.ஐ. போட்டுடும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். படம் போடும், மறுக்கவில்லை. ஆனால் கனெக்டரின் கொக்கி பாதியில் நிற்பதுதான் பிரச்சினை என்று அதற்கு யார் சொல்வது? ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா வருகிறது. 2021ல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒவ்வொரு மருத்துவக் கருவியோடும் ஒரு பயன்பாட்டுத் தாள் போக வேண்டும். ஊசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, குழாயை எதுவரை செருகுவது என்று யாரோ ஒருவர் வரைய வேண்டும். அந்தப் படம் தப்பானால் லைனில் ரீவொர்க் போகிற மாதிரி போகாது, நோயாளிக்குப் போகும். அப்படி வரைகிறவர் பெயரைச் சொல்லி ஒரு பணியிடம் உருவாக்குவதும், அந்தத் தாளில் அவர் பெயருக்கு ஒரு கட்டம் விடுவதும் வேறு வேறு வேலை இல்லை. பெயர் இருந்தால்தான் படம் தப்பாக இருக்கும்போது யாரைக் கேட்பது என்று தெரியும். சரியாக இருக்கும்போது அடுத்ததை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியும்.

கோவிந்தூயா என்ற பேரினம் இன்று நிற்கவில்லை. அந்த ஆர்க்கிட் ஏற்கெனவே பெயர் வைத்திருந்த 'டிராபிடியா'வில் அடங்கும் என்று பின்னாள் தாவரவியலாளர்கள் முடிவு செய்தார்கள். முன்னால் வைத்த பெயருக்கே உரிமை என்பது அந்தத் துறையின் விதி. கோவிந்துவின் பெயர் இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி.

ரங்கையாவுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூட. ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் 1832ல் அவர் பெயரால் 'ருங்கியா' என்று ஒரு பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அதில் ஒன்று 'ருங்கியா ரெபென்ஸ்'. தமிழில் கோடகசாலை என்போம், சித்த மருத்துவக்காரர்களுக்குத் தெரியும். தரையோடு படர்ந்து, கதிர் மாதிரிப் பூக்கொத்து நிமிர்ந்து நிற்கும் சின்னக் களை. சிப்காட்டில் இன்னும் கட்டடம் எழும்பாத மனை ஒன்றின் ஓரத்தில், போன மழைக்கு அப்புறம் பார்த்தேன். வண்டியை நிறுத்தி உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு அழகான செடி இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை மென்பொருளில் ஒரு மாற்றக் கோரிக்கை போட்டேன். படத்துக்குக் கீழே தயாரித்தவர் பெயர் வர வேண்டும், ஏற்கெனவே வெட்டின தாள்களின் ஸ்கேனிலிருந்து பெயரை எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். "படம் சின்னதாயிடுமே சார்" என்றார் குழுவில் ஒரு தம்பி. பதினான்கு பிக்சல் உயரம் குறைகிறது, அளந்து பார்த்துவிட்டேன். பழைய தாள்களில் சிலவற்றை ஸ்கேன் செய்யும்போதே பட்டையை மடித்து வைத்துவிட்டார்கள் போல, பெயர் கிடைக்கவில்லை. கனெக்டர் தாளில் கிடைத்தது. அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார் என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் சொன்னார். படம் இன்னும் அந்த ஸ்டேஷனில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வெளியீட்டில் பெயரும் வரும்.